உங்களுக்குத் தெரியுமா? மூக்கைப் பொத்தவைக்கும் செலினோபீனால்

குப்பியின் மூடியைச் சற்றே தளர்த்தினாலும் கூடம் முழுக்கத் தன் வரவைச் சொல்லிவிடும் வேதிப்பொருள்கள் சில உண்டு. செலினோபீனால் அவற்றில் முன்வரிசையில் நிற்பது. அதைத் தொடத் தயங்கும் வேதியியலாளர்களே அதைக் கைவிடவும் மனம் வராமல் இருக்கிறார்கள். அதன் கெட்ட பெயருக்கும் நல்ல பயனுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பெரிய உடலும் தளர்ந்த எலக்ட்ரான் பிடியும் கொண்ட செலினியம் அணு. அந்த ஓர் அணுவைப் பின்தொடர்ந்தால் தொழிற்சாலைக் கசடு, மீக்கடத்தி, கடுகுச் செடி, நம் தைராய்டு சுரப்பி என எங்கெங்கோ போய்ச் சேரலாம்.

ஆளை அறிவோம்

● பீனால் மூலக்கூறில் ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் கந்தகத்தை வைத்தால் தயோபீனால். செலினியத்தை வைத்தால் செலினோபீனால். ஆக்ஸிஜன், கந்தகம், செலினியம் மூன்றும் தனிம அட்டவணையின் 16-ஆவது தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. ஆகவே இவை மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். செலினோபீனாலுக்கு பென்சீன்செலினால் என்றும் பெயர்.

● இதன் ஒரு மூலக்கூறில் ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரே ஒரு செலினியம். மூலக்கூறு எடை 157. அதில் ஏறக்குறைய 79 அந்த ஒற்றைச் செலினியம் அணுவினுடையது. பதின்மூன்று அணுக்களில் ஓர் அணு மட்டும் பாதி எடையைச் சுமக்கிறது!

● தூய செலினோபீனால் நிறமற்ற நீர்மம். நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. காற்றழுத்தத்தை நன்றாகக் குறைத்து, 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் வடித்து எடுப்பார்கள்.

● செலினியம் பெரும்பாலும் தனியாக வெட்டி எடுக்கப்படுவதில்லை. செம்பை மின்பகுப்பு முறையில் தூய்மையாக்கும்போது தொட்டியின் அடியில் ஒரு கசடு படியும். உலகின் செலினியத்தில் பெரும்பகுதி அந்தக் கசடிலிருந்து கிடைப்பதுதான்.

நாற்றத்தின் கணக்கு

● கரிமச் சேர்மத்தில் செலினியமும் ஹைட்ரஜனும் கைகோத்திருந்தால் அதற்கு செலினால் என்று பெயர். கந்தகமும் ஹைட்ரஜனும் கைகோத்திருந்தால் தயால். சமையல் எரிவாயு கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்று கலக்கப்படும் பொருள் தயால் வகைதான். அந்த வாசனை தாங்க முடியாதது என்று நினைப்பவர்கள், செலினால்கள் தயால்களை மிஞ்சியவை என்பதை அறிந்தால் திகைப்பார்கள்.

● செலினோபீனாலின் உறவான பியூட்டைல் செலினால், உலகிலேயே மிகக் கொடிய நாற்றமுள்ள பொருள்களில் ஒன்றாக கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தது. கூடவே இடம்பெற்றது எத்தில் மெர்காப்டன் என்ற தயால். அழுகிய முட்டைக்கோஸ், பூண்டு, வெங்காயம், கருகிய ரொட்டி, சாக்கடை வாயு எல்லாம் கலந்த நாற்றம் என்று அதில் வர்ணித்திருந்தார்கள்.

● தயால்களை நம் மூக்கு ஏன் இவ்வளவு நுட்பமாகக் கண்டுபிடிக்கிறது? வாசனையை உணரும் ஏற்பிகளில் ஒன்றுக்குச் செம்பு அயனி துணை நிற்கிறது என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கந்தக அணு அந்தச் செம்பைப் பற்றிக்கொள்ள, ஏற்பி விழித்துக்கொள்கிறது. செலினியமும் உலோகங்களை இறுகப் பற்றும் தன்மை உடையதே. பெரிய அணு, தளர்ந்த எலக்ட்ரான்கள் என்ற இயல்பு இங்கேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது.

● செலினியத்தை 1817-இல் கண்டறிந்தவர் சுவீடனின் பெர்சீலியஸ். கந்தக அமிலத் தொழிற்சாலை ஒன்றில் தேங்கிய செந்நிறப் படிவை ஆராய்ந்தபோது, அதிலிருந்து வந்த முள்ளங்கி போன்ற நெடியைக் கொண்டு அதை முதலில் டெல்லூரியம் என்றே எண்ணினார். மேலும் ஆராய்ந்தபோதுதான் அது புதிய தனிமம் என்பது தெரிந்தது.

● ஹைட்ரஜன் செலினைடு வாயுவின் வாசனையை அறிய பெர்சீலியஸ் ஒரு பட்டாணி அளவுக் குமிழியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். அடுத்த பல மணி நேரத்துக்கு அவரால் எதையும் முகர முடியவில்லை. கடுமையான அமோனியாவை மூக்கருகே கொண்டுபோனபோதும் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவைத்தார். அக்காலத்து வேதியியலாளர்கள் தம் உடலையே கருவியாக்கினார்கள். இன்று யாரும் செய்யக் கூடாத சோதனை அது.

● ஹைட்ரஜன் செலினைடு நாற்றத்தோடு நிற்பதில்லை. உயிருக்கு ஆபத்தான நஞ்சு. அமெரிக்கப் பணியிட விதிப்படி எட்டு மணி நேர வேலையில் காற்றில் இருக்கக்கூடிய அதன் சராசரி அளவு பத்து லட்சத்தில் 0.05 பங்கு மட்டுமே. செலினோபீனாலும் நச்சுத்தன்மை கொண்டதே. இந்தக் குடும்பத்தில் நாற்றத்தை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு விலகி நிற்பதே அறிவு.

எப்படிச் செய்கிறார்கள்?

● செலினோபீனால் தயாரிக்க நோபல் பரிசு பெற்ற ஒரு வினை உதவுகிறது. புரோமோபென்சீனையும் மெக்னீசியத்தையும் உலர்ந்த ஈதரில் சேர்த்தால் கிரிக்னார்டு வினைபொருள் உருவாகும். அதில் செலினியத் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டால், கார்பனுக்கும் மெக்னீசியத்துக்கும் நடுவே செலினியம் புகுந்துகொள்ளும். கடைசியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் செலினோபீனால் தயார். இந்த வினைபொருளைக் கண்டறிந்த விக்டர் கிரிக்னார்டுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது.

● இந்தத் தயாரிப்பு முறை ‘ஆர்கானிக் சிந்தசீஸ்’ தொகுதியில் 1944-இலேயே வெளியானது. அந்தத் தொகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அனுப்பப்படும் ஒவ்வொரு செய்முறையையும் வேறோர் ஆய்வகத்தில் செய்து பார்த்துச் சரியென்று உறுதி செய்த பிறகே அச்சிடுவார்கள். அதாவது, இந்த நாற்றத்தை இரண்டு ஆய்வகங்கள் தாங்கிக்கொண்ட பிறகுதான் செய்முறை உலகுக்குக் கிடைத்தது.

● நிறமற்ற செலினோபீனால் காற்றுப் பட்டால் மஞ்சளாக மாறும். இரண்டு மூலக்கூறுகள் தத்தம் ஹைட்ரஜனை ஆக்ஸிஜனிடம் கொடுத்துவிட்டு, செலினியத்தோடு செலினியமாக இணைந்துகொள்கின்றன. பிறப்பது டைபீனைல் டைசெலினைடு. தயோபீனாலுக்கும் இதே மாற்றம் நேரும். ஆனால் செலினோபீனாலில் அது இன்னும் எளிது. எனவே நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுச் சூழலில்தான் இதை வைத்துக் காப்பார்கள்.

● டைபீனைல் டைசெலினைடு 60 டிகிரியை ஒட்டி உருகும் மஞ்சள் நிறத் திண்மம். காற்றில் கெடுவதில்லை, நாற்றமும் மிகக் குறைவு. ஆகவே பெரும்பாலான ஆய்வகங்கள் செலினோபீனாலை வாங்கி வைப்பதில்லை. அமைதியான இந்தத் திண்மத்தை எடைபோட்டு, சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்து, வேண்டிய நேரத்தில் வினைக்குடுவைக்குள்ளேயே செலினோபீனாலின் அயனியை உண்டாக்கிக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் மிஞ்சும் அயனி, காற்றுப் பட்டால் மீண்டும் டைசெலினைடாகவே திரும்பிவிடும்.

குணங்கள்

● பீனால் மிக வலுக்குறைந்த அமிலம், அதன் பி.கே.ஏ. மதிப்பு 10. தயோபீனாலுக்கு ஏறக்குறைய 6.6, செலினோபீனாலுக்கு 5.9. இந்த அளவுகோலில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். அப்படியானால் செலினோபீனால், பீனாலைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வலுவான அமிலம்!

● காரணம் எளியது. ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது, செலினியம் பெரியது. அளவு பொருந்தாத இருவரின் பிணைப்பு வலுவாக அமைவதில்லை. ஹைட்ரஜன் அயனி விலகிப்போனாலும், பின்னால் தங்கும் எதிர்மின்சுமை செலினியத்தின் விரிந்த எலக்ட்ரான் மேகத்தில் பரவி அமைதியடைகிறது. அதனால் பிரிவுக்குப் பெரிய செலவில்லை.

● நடுநிலை நீரில், அதாவது பி.எச். மதிப்பு 7 இருக்கையில், கரைந்த செலினோபீனாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஹைட்ரஜனை இழந்து அயனியாகவே இருக்கும். அந்த அயனி, கார்பன் அணுக்களைத் தேடிப்போய்த் தாக்குவதில் கைதேர்ந்தது. எப்பாக்சைடு வளையங்களைத் திறக்கவும், சில எஸ்டர்களைப் பிளக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

● செலினியத்துக்கு இயற்கையில் ஆறு ஐசோடோப்புகள். நிறை நிறமாலைக் கருவியில் செலினியச் சேர்மம் ஒன்றைச் செலுத்தினால், உயரம் வேறுபட்ட கோடுகள் கூட்டமாக எழும். அதைப் பார்த்தவுடனேயே ‘இதில் செலினியம் இருக்கிறது’ என்று தேர்ந்த கண் சொல்லிவிடும். அந்த ஆறில் செலினியம்-77 என்பது என்.எம்.ஆர். கருவிக்குத் தெரியக்கூடியது. செலினியம் எந்தச் சூழலில் அமர்ந்திருக்கிறது என்பதை அதைக் கொண்டே வாசித்துவிடலாம்.

இரட்டைப் பிணைப்பு நெய்பவன்

● செலினோபீனால் குடும்பத்தின் தலையாய பயன், கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்பை உண்டாக்குவது. முதலில் மூலக்கூறில் வேண்டிய இடத்தில் பீனைல்செலினியம் தொகுதியை, அதாவது செலினியத்தின் ஹைட்ரஜன் நீங்கிய செலினோபீனாலை, பொருத்துவார்கள். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் செலினியத்தின்மேல் ஓர் ஆக்ஸிஜன் ஏறும். அடுத்த கணமே அந்த ஆக்ஸிஜன் பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ள, செலினியம் விலகிப்போக, அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு மலர்ந்திருக்கும். இதற்கு செலினாக்சைடு நீக்கவினை என்று பெயர்.

● இதே வேலையைக் கந்தகத்தைக் கொண்டும் செய்யலாம். ஆனால் சல்பாக்சைடுகளைப் பொதுவாக நன்றாகச் சூடாக்க வேண்டும். செலினாக்சைடுகளோ அறை வெப்பநிலையிலேயே, பல சமயம் அதற்கும் கீழேயே, விலகிவிடும். ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் கட்டிய சிக்கலான மூலக்கூறைச் சூட்டில் கெடவிடாமல் காப்பாற்றும் இந்த மென்மைக்காகத்தான் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

● இந்த வினையை 1970-களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர் பாரி ஷார்ப்லெஸ். எப்பாக்சைடுகளை அல்லைல் ஆல்கஹால்களாக மாற்ற அவர் 1973-இல் வெளியிட்ட முறையில் டைபீனைல் டைசெலினைடுதான் தொடக்கப் பொருள். பின்னாளில் வேறு கண்டுபிடிப்புகளுக்காக 2001, 2022 என இரண்டு முறை வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் இவர். ஹான்ஸ் ரைக், டெரிக் கிளைவ் ஆகியோரும் அதே காலத்தில் இந்தத் துறைக்கு அடித்தளம் இட்டவர்கள்.

● ஆல்கஹாலிலிருந்து இரட்டைப் பிணைப்பு வேண்டுமா? 1976-இல் பால் கிரீக்கோ ஒரு வழி காட்டினார். நைட்ரோ தொகுதி ஏறிய பீனைல்செலினியத்தை ஆல்கஹாலின் இடத்தில் பொருத்தி, பெராக்சைடு கொண்டு நீக்குவது அந்த முறை. இயற்கைப் பொருள்களை ஆய்வகத்தில் கட்டுவோர் இன்றும் ‘கிரீக்கோ நீக்கம்’ என்று சொல்லி இதைக் கையாளுகிறார்கள்.

● நீக்கப்பட்ட செலினியமும் வீணாவதில்லை. அது பென்சீன்செலினினிக் அமிலமாக மாறினால், ஹைட்ரஜன் பெராக்சைடோடு கூட்டுச் சேர்ந்து வேறு பொருள்களை ஆக்ஸிஜனேற்றம் செய்யும் வினையூக்கியாகிறது. அந்த வினைகளில் பெராக்சைடிலிருந்து மிஞ்சுவது நீர் மட்டுமே.

கண் இமைக்கும் நேரத்தில்

● ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறுத் துண்டுகளைத் தனி உறுப்புகள் என்பார்கள். ஒரு ஹைட்ரஜன் கிடைத்தால் அவை அடங்கிவிடும். இந்த வகை வினைகளில் வழக்கமாக ஹைட்ரஜன் கொடுப்பது டிரைபியூட்டைல் டின் ஹைட்ரைடு. செலினோபீனாலோ அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகத்தில் கொடுக்கிறது. செலினியம்–ஹைட்ரஜன் பிணைப்பின் தளர்வு இங்கே வேகமாக உருவெடுக்கிறது.

● இந்த வேகத்தை வைத்து நேரம் அளக்கிறார்கள். சில தனி உறுப்புகள் நொடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் தம் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். அவை மாறுமுன் எத்தனை பங்கு செலினோபீனாலிடம் ஹைட்ரஜன் வாங்கின, எத்தனை பங்கு தப்பி மாறின என்று எண்ணினால், மாற்றத்தின் வேகம் கணக்கில் வந்துவிடும். ‘தனி உறுப்புக் கடிகாரம்’ என்ற இந்த முறையில் செலினோபீனாலைப் பயன்படுத்தி மிக வேகமான வினைகளை அளந்தவர் மார்ட்டின் நியூகோம்ப்.

● டேவிட் கிரிச் என்ற வேதியியலாளர் இன்னொரு வழி கண்டார். டின் ஹைட்ரைடு வினையில் சிறிதளவு டைபீனைல் டைசெலினைடு போட்டால் போதும். அது குடுவைக்குள் செலினோபீனாலாக மாறி, ஹைட்ரஜனை வேகமாகக் கைமாற்றி, மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, வினையூக்கியாகவே இயங்குகிறது. சிறிதளவே தேவைப்படுவதால் நாற்றத்தின் தொல்லையும் குறைவு.

ஊரைக் காலி செய்த உறவினர்

● கார்பன் டைசெலினைடு என்பது ஒரு கார்பனும் இரண்டு செலினியமும் சேர்ந்த மஞ்சள் நீர்மம். 1936-இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டபோது, ஆய்வகத்திலிருந்து கசிந்த நாற்றத்தால் அருகிலிருந்த கிராமத்தையே காலி செய்ய வேண்டியதாயிற்று என்பது வேதியியல் வரலாற்றில் பதிவான செய்தி. காற்றோடு கலக்கும்போது அதன் நாற்றம் இன்னும் கொடூரமாகிறது.

● அதே கார்பன் டைசெலினைடுதான் அறிவியலின் ஒரு பெருங்கதவைத் திறக்க உதவியது. அதை மூலப்பொருளாகக் கொண்டு, செலினியம் அணுக்கள் நான்கைத் தாங்கிய டி.எம்.டி.எஸ்.எஃப். என்ற கரிம மூலக்கூறைக் கட்டினார்கள். கோபன்ஹேகனின் கிளவுஸ் பெக்கார்டு அதன் உப்புகளை உருவாக்கினார். பிரான்சின் டெனி ஜெரோம் குழு அவற்றில் ஒன்றைப் பன்னிரண்டாயிரம் வளிமண்டல அழுத்தத்தில் வைத்து, தனிச்சுழிக்கு மேலே வெறும் 0.9 டிகிரிக்குக் குளிர்வித்தபோது, மின்தடை அறவே மறைந்தது. 1980-இல் அறிவிக்கப்பட்ட அதுவே உலகின் முதல் கரிம மீக்கடத்தி.

● அந்த வெற்றிக்குக் காரணமும் செலினியத்தின் பருமன்தான். அடுத்தடுத்த மூலக்கூறுகளின் பெரிய செலினியம் அணுக்கள் ஒன்றையொன்று எட்டித் தொடுவதால், எலக்ட்ரான்களுக்கு நடந்துபோகப் பாதை கிடைக்கிறது.

மண்ணிலும் மூச்சிலும்

● உடலில் செலினியம் மிகையானால் மூச்சில் பூண்டு வாடை வீசும். மிகையானதை உடல் டைமெத்தில் செலினைடு என்ற எளிதில் ஆவியாகும் பொருளாக்கி வெளியேற்றுவதே காரணம். முடி உதிர்வதும் நகங்கள் உடைவதும் அதே மிகையின் மற்ற அறிகுறிகள்.

● பூண்டு தின்றவரின் மூச்சிலும் இதே டைமெத்தில் செலினைடு மிகச் சிறிய அளவில் இருப்பதை எரிக் பிளாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பூண்டு, வெங்காயம் போன்ற செடிகள் மண்ணிலிருந்து கந்தகத்தை எடுக்கும்போது கூடவே கொஞ்சம் செலினியத்தையும் எடுத்துக்கொள்கின்றன.

● கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் வயல்களின் வடிகால் நீரோடு செலினியமும் வந்து சேர்ந்தது. 1983-இல் அங்கே நீர்ப்பறவைகளின் குஞ்சுகள் உருக்குலைந்து பிறப்பது கண்டறியப்பட்டது. அதன்பின் செலினியத்தை மண்ணிலிருந்து நீக்கும் வழிகளைத் தேடியவர்கள் கண்டுகொண்ட செடிகளில் ஒன்று, நாம் தாளிக்கும் கடுகின் செடி. அது செலினியத்தை உறிஞ்சி, ஒரு பகுதியை டைமெத்தில் செலினைடாகக் காற்றில் விடுகிறது. அந்த வாயு, கனிமச் செலினியத்தைவிட ஐந்நூறு மடங்குக்கும் மேல் நச்சுக் குறைந்தது.

● இந்தியாவில் பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளின் சில கிராமங்களில் மண்ணிலேயே செலினியம் மிகை. அங்கே விளையும் தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பும் கொம்பும் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. நேர்மாறாக, சீனாவின் கேஷான் பகுதி மண்ணில் செலினியம் போதாமல், குழந்தைகளையும் இளம் பெண்களையும் இதயநோய் வாட்டியது. செலினியம் மாத்திரைகள் கொடுத்து அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

நமக்குள்ளே ஒரு செலினால்

● செலினோபீனாலில் உள்ள அதே செலினியம்–ஹைட்ரஜன் தொகுதி உங்கள் உடலிலும் இருக்கிறது! செலினோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒரு செலினால்தான். 1976-இல் அமெரிக்காவின் திரேசா ஸ்டாட்மன் ஆய்வுக்குழு இதை ஒரு புரதத்தில் அடையாளம் கண்டது. இருபது அமினோ அமிலங்கள் என்று படித்துவந்த உலகுக்கு இது இருபத்தோராவது.

● மரபணு மொழியில் யு.ஜி.ஏ. என்ற மூன்றெழுத்து, ‘புரதத்தை இங்கே முடித்துவிடு’ என்ற கட்டளை. அதே கட்டளையைச் சில இடங்களில் மட்டும் ‘செலினோசிஸ்டீனைச் சேர்’ என்று செல் படிக்கிறது. அப்படிப் படிக்க வைக்க ஆர்.என்.ஏ.வில் தனி மடிப்பு ஒன்றும் தனிப் புரதங்களும் வேண்டும். ஒரே ஓர் அணுவுக்காக உயிர் இத்தனை ஏற்பாடு செய்திருக்கிறது.

● மனித மரபணுத் தொகுதியில் செலினியப் புரதங்களுக்கான மரபணுக்கள் 25. அவற்றில் குளூட்டாத்தயோன் பெராக்சிடேஸ், செல்களில் சேரும் பெராக்சைடுகளை அழித்துக் காக்கிறது. டிஅயோடினேஸ், தைராய்டு ஹார்மோனைத் தேவைக்கேற்ப வீறுகொள்ளவும் அடங்கவும் செய்கிறது.

● கந்தகம் கொண்ட சிஸ்டீன் இருக்க, செலினியம் எதற்கு? சிஸ்டீனின் பி.கே.ஏ. ஏறக்குறைய 8.3, செலினோசிஸ்டீனுக்கு 5.2. எனவே உடலின் நடுநிலைச் சூழலில் செலினோசிஸ்டீன் எப்போதும் அயனியாக, வேலைக்கு ஆயத்தமாக நிற்கிறது. ஆக்ஸிஜன் ஏறினாலும் எளிதில் இறக்கிவைத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆய்வகக் குடுவையில் செலினோபீனாலும் டைசெலினைடும் மாறி மாறி வருவதும் இதே பண்பால்தான்.

● குளூட்டாத்தயோன் பெராக்சிடேஸ் நொதியைப் போலச் செயல்படும் சிறு மூலக்கூறு எப்செலன். 1924-இலேயே தயாரிக்கப்பட்டாலும், அதன் பெராக்சைடு அழிக்கும் திறன் 1984-இல்தான் வெளிப்பட்டது. 2020-இல் கொரோனா வைரஸின் முக்கிய நொதி ஒன்றை அது தடுப்பதும் சோதனைக் குழாயில் தெரிந்தது. டைபீனைல் டைசெலினைடையும் இதே நோக்கில் பிரேசிலின் சாந்தா மரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்டகாலமாக ஆராய்ந்துவருகிறார்கள்.

● இந்தத் துறையில் இந்தியாவின் முன்னணிப் பெயர் கோவிந்தசாமி முகேஷ். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றுபவர். குளூட்டாத்தயோன் பெராக்சிடேஸ், டிஅயோடினேஸ் ஆகிய நொதிகளின் வேலையைச் செய்யும் செலினியச் சேர்மங்களை உருவாக்கியவர். 2012-இல் பட்நாகர் விருதும் 2019-இல் இன்போசிஸ் பரிசும் பெற்றார்.

● புரதங்களை ஆய்வகத்தில் கட்டுவதற்கும் செலினியம் கைகொடுக்கிறது. ஒரு துண்டின் முனையில் பீனைல்செலினியம் தொகுதி, மறு துண்டின் முனையில் டைசெலினைடு. இரண்டையும் நீரில் கலந்தால் நிமிடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பெய்ன் குழு 2015-இல் வெளியிட்ட முறை இது. இணைப்பின்போது விலகிப்போவது வேறு எதுவுமல்ல, நம் செலினோபீனால்தான்.

அளவும் பாதுகாப்பும்

● வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான செலினியம் 55 மைக்ரோகிராம். அமெரிக்கப் பரிந்துரைப்படி மேல் எல்லை 400. தேவைக்கும் ஆபத்துக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி கொண்ட சத்துகள் மிகச் சில. பிரேசில் நட் ஒரே ஒரு பருப்பில்கூட ஒரு நாளைத் தேவைக்கு மேல் செலினியம் இருக்கக்கூடும்.

● 2008-இல் அமெரிக்காவில் ஒரு சத்துத் திரவத்தில், குறிப்பிட்ட அளவைப்போல ஏறக்குறைய இருநூறு மடங்கு செலினியம் தவறுதலாகச் சேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் முடி உதிர்ந்தும் நகம் உடைந்தும் துன்புற்றார்கள். மருத்துவர் சொல்லாமல் செலினியம் மாத்திரை எடுப்பது நல்லதல்ல.

● ஆய்வகத்தில் செலினோபீனாலைக் கையாள்பவர்கள் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள்தான் வேலை செய்ய வேண்டும். கையுறை, கண்ணாடி, மாற்றுடை கட்டாயம். பயன்படுத்திய கண்ணாடிக் கலன்களை வெளியே எடுக்குமுன், துணி வெளுக்க உதவும் ப்ளீச்சிங் கரைசலில் ஊறவைப்பார்கள். அது செலினோபீனாலின் ஹைட்ரஜனைப் பறித்து ஆக்ஸிஜனை ஏற்றிவிட, நாற்றம் மறைகிறது. ஆனால் செலினியம் மறைவதில்லை. அந்தக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனியே சேர்த்து ஒப்படைப்பது கடமை.

● பயனை வைத்துக்கொண்டு நாற்றத்தை மட்டும் கழிக்க முடியுமா? முடியும் என்று 1976 முதலே காட்டிவருகிறார்கள். பீனைல்செலினியத்தைப் பாலிஸ்டைரீன் மணிகளோடு பிணைத்துவிட்டால் அது ஆவியாகி மூக்கை எட்டாது. வேலை முடிந்ததும் மணிகளை வடிகட்டி எடுத்துவிடலாம். கே.சி.நிக்கோலா குழு 1998-இல் இந்த மணிகளைப் பெரிதும் மேம்படுத்தி, அவற்றின்மேலேயே இயற்கைப் பொருள்களைப் போன்ற மூலக்கூறுத் தொகுதிகளைக் கட்டியது. வேதியியல் படிக்கப்போகும் மாணவர்களுக்கு இங்கே இன்னும் நிறைய வேலை காத்திருக்கிறது: செலினியத்தின் தளர்ந்த பிடியை அப்படியே வைத்துக்கொண்டு, குறைந்த நஞ்சு, குறைந்த கழிவு, குறைந்த நாற்றத்தோடு அதை இயங்கவைப்பது. நம் செல்கள் அதை ஒவ்வொரு நொடியும் செய்கின்றன என்பதே, அது ஆகக்கூடிய காரியம் என்பதற்குச் சான்று.